சல்லடைக்குக் கீழே விழுந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், பசு செவலைதான் சரியில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஆய்வகத்தில் அந்த அமிலப் புகைக்கு முகத்தை மூடிக்கொள்கிறாயா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், கடைசியில் கேட்க எனக்கு முகம் இருக்காது.

நான் அனுப்பிய மாட்டுத் தீவனத்தைச் சோதித்து, முதன்முதலாக உன் கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்பினாயே, அதைத் தீவனக் கடைக்காரர் கேட்டு வாங்கிக் கடை வாசலில் ஒட்டிவிட்டார். "நம்ம பொண்ணே சொல்லிருச்சு, மணல் துளிகூட இல்லையாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, பால் ஊற்றப் போகும்போது வழி இல்லாவிட்டாலும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். ஆனால் செவலை பத்து நாளாக ஒழுங்காக அசைபோடவில்லை, கன்று போட இரண்டே மாதம். கால்நடை மருத்துவரம்மா வந்து சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். மேலாகக் கொட்டிக்கொண்டே வந்தால் அடியில் ஒரு பிடி மணல். "இது தானா மண்ணத் திங்குதா, நீங்க ஊட்டுறீங்களா?" என்று கேட்டார். அறிக்கை இருக்கிறது என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே. அவர் போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை, ஒரு கைத் தீவனத்தைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தேன். தவிடு மிதந்தது, சோளக் குருணை மெல்ல இறங்கிற்று, எல்லாவற்றுக்கும் அடியில் பொடிமணல் வட்டம் கட்டிற்று. பார்க்க ஆசையாக இருந்ததால் ஐந்து மூட்டைக்கும் ஐந்து டம்ளர் வைத்தேன். "யாருக்கு விருந்து?" என்றார் அப்பா. ஐந்திலும் மணல். பின்னே உன் சோதனையில் எப்படி இல்லாமல் போயிற்று என்று யோசித்தபோதுதான் குழாயடியில் நான் தட்டிய தூள் நினைவுக்கு வந்தது.

உன் ஆபீசில் நாலு படித்தவர்கள் பிரித்துப் பார்ப்பார்களே என்று வெட்கப்பட்டு, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்த தூளைக் குழாயடியில் தட்டிவிட்டு, மேலே நின்றதில் சணல் நூல் பொறுக்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்துத்தான் பொட்டலம் கட்டியிருந்தேன். "இவ்ளோ காஞ்ச தீவனம் பாத்ததே இல்லம்மா" என்று நீ போனில் சொன்னபோது பூரித்துப்போய், சலித்ததையும் காயவைத்ததையும் சொல்லாமல் விட்டேன். நேற்றுக் கடைக்குப் போய், அங்கே நின்றவர்கள் முன்னால், தப்பு பெண் மேல் இல்லை என் மேல் என்று சொல்லி அறிக்கையை உரித்து எடுத்து வந்தேன். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்கம்மா" என்றார் கடைக்காரர். மண்ணள்ளிப் போட்டது யார் என்று நாக்கு நுனி வரை வந்தது. எரித்த சாம்பல் அமிலத்தில் கரையாமல் நின்றால் அது மணல் என்பாயே, அது தானாக வந்ததா, யாராவது கலந்ததா என்றும் தெரியுமா?

இப்போது வைக்கோல் மட்டும் போடுகிறேன். நேற்று மாலை செவலை ஒரு வாய்க்கு நாற்பது தடவை மென்றாள், உட்கார்ந்து எண்ணினேன். ஐம்பதைத் தாண்ட வேண்டுமாம். பழைய அறிக்கை செல்லாது என்று உன் மேலதிகாரியிடம் நீயே சொல்லிவிடு, அம்மா செய்த தவறு என்றே எழுது. நீ கையெழுத்துப் போடும் தாளெல்லாம் யார் முன்னாலும் தலை நிமிர்ந்து நிற்கட்டும். மாதிரி எடுக்க நீ எழுதி அனுப்பிய தாளில் சொன்னபடி ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து புதிதாக ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு செத்த வண்டு கிடக்கும். எடுக்கக் கை போயிற்று, எடுக்கவில்லை.

உன் அம்மா