எண்ணெய் நிற்கும் இடைவெளி

மார்ச் 3, திங்கள்

படகு எஞ்சினை இன்று கொட்டகையில் வைத்து முழுதாகப் பிரித்துவிட்டேன். ஒற்றை சிலிண்டர் டீசல். ஆள் சின்னது, பிடிவாதம் பெரிது. சுற்றும் தண்டைத் தாங்கும் பேரிங் தகடுகள் தேய்ந்து செம்பு தெரிகிறது. பட்டறைக்காரர் புதுத் தகடுகளைப் பூட்டிய கேட்டுக்கு மேலாக நீட்டினார். "என்ன சார், உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜனவரியில் தலைசுற்றி விழுந்த பிறகு மகள் வீட்டுக்கு வந்தேன். படகையும் கட்டி இழுத்து வந்தோம். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது கேட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார். "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் மாமா." மூன்று பக்கம் மதில், பின்னால் ஆறு. அக்கரையில் என் அக்காள் வீடு. எஞ்சின் ஓடினால் அங்கே போய்விடுவேன். அது ஓடவே ஓடாது என்பது மாப்பிள்ளையின் கணக்கு. "பொழுது போகட்டும், விடு" என்று மகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

மார்ச் 5, புதன்

"இந்தப் பச்சை நூல் எதுக்குப்பா?" என்று மகள் கேட்டாள். தொழிற்பள்ளியில் பாடம் நடத்தியவன், கேட்டால் விடுவேனா?

சுற்றும் தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே எண்ணெய் நிற்க மயிரிழை இடம் வேண்டும். குறைந்தால் இறுகிப் பிடிக்கும், கூடினால் தடதடக்கும். கண்ணால் பார்க்க முடியாத இடம். அதனால் மெழுகு போன்ற இந்த இழையைத் தண்டின் மேல் வைத்து, மூடியைப் போட்டு, போல்ட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கி, திரும்பக் கழற்ற வேண்டும். இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். எவ்வளவு அகலமோ, அவ்வளவு குறைவு இடைவெளி. உறையில் அச்சடித்த கோடுகளோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும்.

"நடுவுல தண்டோட முனைல இருக்கிற சக்கரத்தை மட்டும் சுத்தக் கூடாது. காயாத மைல விரல் பட்ட மாதிரி இழுபட்டுடும்."

"கொஞ்சம் சுத்தினாக்கூடவா?"

"கொஞ்சம் சுத்தினாலே போச்சு."

நல்ல மாணவி. சரியான இடத்தில் கேள்வி கேட்பாள்.

மார்ச் 6, வியாழன்

இழை இழுபட்டுவிட்டது. போல்ட்டை இறுக்கியதும் மகள் மாத்திரைக்குக் கூப்பிட்டாள், போய்வந்து கழற்றினேன். என் கைதான் எங்கோ பட்டிருக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

மறுபடியும். இதுவும் என் கையா? இன்று மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். அவரோ — சே, மனம் எங்கெல்லாம் போகிறது.

சாப்பிடும்போது மகள் அவரிடம், "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரட்டுமா?" என்றாள். "என்ன வேணும்னு சொல்லு, நான் வாங்கிட்டு வரேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவள் ஒன்றும் வேண்டாம் என்றாள்.

மார்ச் 10, திங்கள்

என் இருமல்கூட மதிலைத் தாண்டுகிறது. நான்தான் தாண்டவில்லை.

மார்ச் 12, புதன்

மகள்தான்.

மாத்திரைக்குக் கூப்பிட்டதும் உள்ளே போய், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக் கால் சுற்று சுற்றினாள். நேரே போய் நின்றேன். 

"நீயுமாம்மா என்னைப் பூட்டி வைக்கிற?"

"இது ஓடுச்சுன்னா நீங்க போயிடுவீங்க."

"அக்கரைக்குத்தானே? நெனச்சப்ப வந்து பாரு."

"எப்படிப்பா வருவேன்? உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாத்தான் எனக்கு அந்தக் கேட் திறக்குது." கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வர்றதுக்கு முன்னாடியே அது பூட்டித்தான் இருந்துச்சு."

இரண்டு மாதமாக அதை என் பூட்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

"படகு ஓட்டுவியா இன்னும்?" என்று கேட்டேன். ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். "மறந்தா போயிடும்?"

மார்ச் 14, வெள்ளி

சக்கரம் அசையாமல் அவள் பிடித்துக்கொண்டாள். நான் இறுக்கினேன், கழற்றினேன். இழை இரண்டு முனையிலும் ஒரே அகலம். அவளே உறையை வைத்துப் படித்தாள். ஒரு மில்லிமீட்டரை இருபதாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. ஒரு தண்டு தடையில்லாமல் சுற்ற அவ்வளவு இடம் போதும்.

"இன்னொரு தடவ பாத்துரலாமாப்பா?"

"சரியா இருக்கும்மா. பயப்படாத."

மார்ச் 20, வியாழன்

நேற்று படகில் ஏற்றிப் பொருத்தினோம். இன்று மாப்பிள்ளை கிளம்பியதும், இரண்டாவது சுழற்றலிலேயே எஞ்சின் ஓடத் தொடங்கியது. சத்தம் சுத்தம். ஒரு பையோடு ஏறினாள். "நீங்களும் வாங்கப்பா" என்றாள். அவர் மணிக்கொரு தரம் வீட்டுக்குப் போன் செய்வார். எடுக்க ஆள் வேண்டுமே. போகச் சொன்னேன்.

முதல் போனுக்கு, குளிக்கிறாள் என்றேன். அடுத்ததற்கு, தூங்குகிறாள் என்றேன். நடுவில் அக்காள் கூப்பிட்டாள்: "வந்து சேந்துட்டாடா. சாப்பிட உக்காந்திருக்கா."

மாலை மாப்பிள்ளை வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கொட்டகைக்கு வந்தார்.

"எங்க மாமா அவ?"

"எஞ்சினை ஓட்டிப் பாக்கப் போயிருக்கா."

"தனியாவா? எப்ப வருவா?"

ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். "புது பேரிங், மாப்ள. முதல் ஓட்டத்த அவசரப்படுத்தக் கூடாது. ஏன்னு சொல்றேன், உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பரவாயில்லை; நின்றுகொண்டு கேட்ட பையன்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் உதாரணத்தை நிதானமாகத் தொடங்கினேன்.