விளக்கு வைத்த பிறகு ஒரு கரண்டி தயிர்

அண்ணை,

இன்று விடியற்காலை துவாய் எடுப்பதற்காகச் சுடுதண்ணீர்த் தொட்டி நிற்கும் அலமாரியைத் திறந்தேன். காய்ந்த துணியின் வெதுவெதுப்போடு, மேல்தட்டில் உறைந்துகொண்டிருந்த தயிரின் இளம்புளிப்பும் மூக்கில் ஏறியது. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெளியே ஓக்லாந்தின் ஜூலை மழை நேற்று விட்ட இடத்திலிருந்து பெய்துகொண்டிருந்தது. வேலைக்குப் போக மனமில்லை. இப்போதெல்லாம் தூங்கி எழுந்தாலும் களைப்புப் போவதில்லை. உங்களிடம் சொன்னால், "முதல்ல சாப்பிடுங்க தம்பி, பொறவு சலிச்சுக்கலாம்" என்பீர்கள்.

மவுண்ட் வெல்லிங்டனில் அந்த இரண்டு அறை வாடகை வீட்டில் நாம் ஒன்றாக இருந்தது மூன்று குளிர்காலம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவன்; நீங்கள் திருநெல்வேலியிலிருந்து பொறியியலாளராக விசா எடுத்து வந்தவர். இருவரும் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கினோம். உங்கள் பட்டத்துக்கும் தபால் கந்தோரில் நான் இருந்த பத்து வருடத்துக்கும் அங்கே ஒரே மரியாதைதான். காலை ஐந்தரைக்குச் சமையலறையில் வாய் திறந்தால் புகை வரும். யன்னல் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்து வழியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே அலுப்பாக இருந்த காலைகள் அவை.

முதல் கிழமை நீங்கள் வாங்கி வந்த தயிர் நினைவிருக்கிறதா? தெருமுனை டெய்ரியில், இங்கே சின்னக் கடைக்கு அதுதான் பெயர், 'யோகர்ட்' என்ற எழுத்தை மட்டும் பார்த்து எடுத்து வந்தீர்கள். சோற்றில் கொட்டிப் பிசைந்து, கடுகும் பெருங்காயமும் தாளித்து, எனக்கும் ஒரு கோப்பை வைத்தீர்கள். அது அப்ரிகாட் பழம் போட்ட இனிப்புத் தயிர். தமிழ்நாட்டில் இப்படித்தான் சாப்பிடுவார்களாக்கும் என்று நான் பேசாமல் விழுங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரன் முகம் சுளிக்கவில்லையே, அப்போது சரியாகத்தான் இருக்கும் என்று நீங்கள் விழுங்கினீர்களாம். கோப்பை காலியான பிறகுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. நான் இந்த நாட்டில் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளே இனிப்பில்லாத வெறுந்தயிர் தேடிப் பிடித்து அதிலிருந்து உறை எடுத்தீர்கள். மேசையில் வைத்த பால் மூன்று நாளாகியும் பாலாகவே இருந்தது. கம்பளியில் சுற்றினீர்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தீர்கள், உங்கள் குளிர்த்தொப்பியைக்கூட ஜாம் போத்தலுக்குப் போட்டுவிட்டீர்கள். கடைசியில் சுடுதண்ணீர் அலமாரியில் துவாய்களுக்கு நடுவே வைத்தபோதுதான் கட்டியாக உறைந்தது. "இந்த வீட்லயே இவருக்குத்தான் நல்ல ரூம் கெடைச்சிருக்கு" என்று போத்தலைக் காட்டிச் சொன்னீர்கள்.

பிறகு தினமும் அதுதான் காலைச் சாப்பாடு. ஓட்ஸை உப்புப் போட்டுக் குழைய வேகவைத்துக் கோப்பையில் ஊற்றி, விரல் வைத்தால் பொறுக்கிற சூடு வரும்வரை காத்திருப்பீர்கள். அவசரப்பட்டுச் சூட்டில் தயிரைக் கொட்டினால் திரிந்துவிடும் என்பதால் என்னைப் பக்கத்தில் அண்டவே விடமாட்டீர்கள். பிறகு நாலு கரண்டி தயிர், துருவிய இஞ்சி, ஒரு பச்சை மிளகாய். சின்னக் கரண்டியில் எண்ணெய் காயவைத்துக் கடுகு, ஊரிலிருந்து பார்சலில் வந்த காய்ந்த கறிவேப்பிலை. அதன் மேல், பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் நீட்டும் ஃபீஜோவா பழத்தை வெட்டிப் போடுவீர்கள். கொய்யா மாதிரி வாசம் வரும் என்பது உங்கள் நியாயம்.

"இதென்ன கண்டறியாத சாப்பாடு அண்ணை? விடியக் காலமை தயிர் திண்டால் தடிமன் பிடிக்கும்" என்பேன்.

"தடிமன் வந்தா ரெண்டு நாள் லீவு கெடைக்கும். சாப்பிடுங்க."

ஒரு தடவையும் தடிமன் வரவில்லை, லீவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் ஐந்து நிமிடத்துக்குக் குளிர் தெரியாது. இளஞ்சூடான கஞ்சிக்குள் தயிரின் புளிப்பும் மிளகாயின் காரமும் இறங்கும்போது, இன்றைய பெட்டிகளை இன்றைக்கு அடுக்கிவிடலாம் என்று தோன்றும்.

இரண்டாவது குளிர்காலத்தில் அந்தக் கடிதம் வந்தது. கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் மகளோடு காத்திருந்த என் மனைவிக்கு விசா இன்னும் தள்ளிப்போகும், மேலும் பத்திரங்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் பிரிந்து அப்போதே நாலு வருடம். அடுத்த நாள் காலை மேசையில் ஒரு ஏரோகிராமை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம், உன் அண்ணனோடு கனடாவுக்குப் போய்விடு, என்னை மறந்துவிடு என்று எழுதப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஏரோகிராமை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் கோப்பையை வைத்தீர்கள்.

"எழுதுங்க. வேண்டாம்னு சொல்லல. வெறும் வயித்தோட எழுதாதீங்க."

சாப்பிட்டேன். பாதியில் அழுகை வந்தது. நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினீர்கள். அந்த ஏரோகிராமை நான் எழுதவே இல்லை.

மறு வருடம் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். எனக்கு நகரின் மறுகோடியில், துறைமுகப் பாலத்துக்கு அப்பால் ஆல்பனியில் வேலை கிடைத்து, அங்கேயே வீடு பார்த்துப் போனோம். கிளம்பும்போது உங்கள் போத்தலிலிருந்து ஒரு கரண்டி உறை எடுத்துக் கொடுத்தீர்கள். மாதம் ஒரு தடவையாவது வருவேன் என்றேன். இரண்டு தடவை வந்தேன். பிறகு பகலில் ஒரு வேலை, மாலையில் ஒரு துப்புரவு வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று நாட்கள் ஓடிவிட்டன. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு மவுண்ட் வெல்லிங்டன் வேறு நாடு மாதிரித் தூரமாகிவிட்டது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. மழையில் நனைந்து, கையில் வெறும் ஜாம் போத்தலோடு எங்கள் வாசலில் நின்றீர்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தீர்கள். நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்திருந்தேன்.

"ஒரு வாரம் வீட்ல இல்ல தம்பி. தயிர் பூசணம் புடிச்சுப் போச்சு. உறைக்கு ஒரு கரண்டி குடுங்க."

என் மனைவி அப்போதுதான் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றியிருந்தாள். ஊர் வீட்டையும் பிறகு நாலைந்து தற்காலிக அறைகளையும் விட்டு ஓடிவந்தவள். தன் வீடு என்று ஒன்றில் விளக்கேற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த வீட்டிலிருந்து எதுவும் போய்விடக் கூடாது என்ற பயம் அவளுக்கு.

"குறை நினையாதேங்கோ அண்ணை. விளக்கு வைச்சாச்சு, வெள்ளிக்கிழமையும். இப்ப தயிர் குடுக்கக் கூடாது. விடிய இவர் கொண்டுவந்து தருவார். நீங்கள் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள்.

"ஆமாம்மா, எங்க ஊர்லயும் அப்படித்தான். நான்தான் கிழமையை மறந்துட்டேன். பஸ் போயிரும், பொறவு பாத்துக்கலாம்."

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கால் வலித்தது. மூடிக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். "ரெஸ்ட் எடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, போத்தலைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினீர்கள்.

சனிக்கிழமை ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன். புதன்கிழமை உங்களோடு வாடகைக்கு இருந்த பையன் போன் செய்தான். காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை, இதயம் என்றான். "போன கிழமையும் நெஞ்சு வலி என்று ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாரே, உங்களிடம் சொல்லவில்லையா?" என்று என்னைக் கேட்டான்.

நீங்கள் சொல்லத்தான் வந்தீர்கள். இது உறைக்க எனக்கு மூன்று நாள் ஆனது, அண்ணை. உங்கள் தெருமுனை டெய்ரியிலேயே வெறுந்தயிர் விற்றார்கள். அதை முதன்முதலில் தேடிப் பிடித்ததே நீங்கள்தானே. ஒரு கரண்டி தயிருக்காக யாராவது மழையில் இரண்டு பஸ் மாறி வருவார்களா? நான் மடையன். ஒரு வாரம் வீட்டில் இல்லை என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். எங்கே இருந்தீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஏரோகிராம் கதையை அன்றுதான் மனைவியிடம் சொன்னேன். அதுவரை சொல்ல வெட்கமாக இருந்தது. அவள், "நான் இந்த வீட்டில விளக்கேத்துறதுக்கே அவர்தானே காரணம்" என்று சொல்லி அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவள் மறுத்தது தயிரை மட்டும்தான்.

அதெல்லாம் நடந்து மூன்று வருடம் கழித்து, போன வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்து அரை மணி இருக்கும், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்திருக்கும் மலேசியத் தமிழ்ப்பெண். ஊரில் இல்லாததால் தயிர் கெட்டுவிட்டதாம், உறைக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்றாள். நான் எழுந்திருக்கும் முன்னே என் மனைவி ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். நான் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஐயோ, வேணாம் அங்கிள். அந்தா தெரியுதுல, அதான் வீடு" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

தெரியும் என்று சொல்லிக் கூடவே நடந்தேன். கால் அன்றைக்கும் வலித்தது. பாதி வழியில், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் பிள்ளை என்று கேட்டேன். ரோட்டோருவாவில் அக்கா வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு என்று சாதாரணமாகச் சொன்னாள். அப்படியா, சுகமாக இருந்தீர்களா, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று மேலும் மேலும் கேட்டேன். அவளுக்கு விசித்திரமாக இருந்திருக்கும்.

இன்று காலை ஓட்ஸ் ஆறும்வரை பொறுமையாக நின்றேன். உங்கள் போத்தலிலிருந்து வந்த அதே தயிரைக் கலந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்து, நாக்கு நுனியில் மூன்று வருடமாக நிற்பதைக் கேட்டேன்.

அந்த ஒரு வாரம் எங்கே இருந்தீர்கள், அண்ணை?