அரை நூல்

மாமல்லபுரம்
5.11.2024

அன்புத் தங்கச்சி பிரிசில்லாவுக்கு,

அண்ணன் ஜோயல் எழுதுவது. நான் நலம், அம்மாவின் முட்டிவலி எப்படி? நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால் ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதாகிவிட்டது. உனக்குக் கோபம் மூக்குமேல் என்று தெரியும். அதற்காக மூன்று மாதமா?

இங்கே தனியாகப் போட்ட புதுக் கடை நன்றாகவே ஓடுகிறது. கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் சுராயா அக்கா முப்பது மேஜை கேட்டிருக்கிறார், டிசம்பர் பத்துக்குள். ஒரே பேஜாரு. துளைக்கு இடம் காட்டும் நம் பழைய ஜிக்கைப் பிடித்துத்தான் கால்களில் துளை போடுகிறோம். ஆனால் சட்டத்தைச் சேர்த்தால் இடது பக்கம் இறங்கி நிற்கிறது, மேஜை ஆடுகிறது. "அண்ணாத்த, கட்டைல எதுனா கோளாறு கீதா?" என்கிறான் என்னிடம் வேலை பார்க்கும் எல்லப்பன். ஐந்து வருடம் நீதானே அதில் துளை போட்டாய்? ஒரு வரி எழுது.

பாசமுள்ள அண்ணன்,
ஜோயல்


செங்கல்பட்டு
11.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு அம்மா அழுதாள், நான் அழவில்லை. முட்டிவலி தேவலை.

நான் துளை போட்ட மேஜை ஒன்றாவது ஆடியதுண்டா? உன் மரம்தான் ஈரம். கடற்காற்று சும்மா விடுமா? பத்து நாள் காய வை. அப்புறமும் ஆடினால் டிரில் பிட் தேய்ந்திருக்கும், சென்னைக்குப் போய் நல்லதாக வாங்கு.

ஒரே ஒரு குறை. ஜிக்கை எடுத்துப்போகுமுன் கேட்டிருக்கலாம். நான் ஆராதனைக்குப் போன நேரம் பார்த்துத் தூக்கிவிட்டாய்.

தங்கச்சி,
பிரிசில்லா


மாமல்லபுரம்
29.11.2024

பிரிசில்லா,

தினமும் மழை. ஃபேன் போட்டு மரம் காய வைத்தேன். பிட் மூன்று மாற்றினேன். இன்னும் ஆடுகிறது. நேற்று சுராயா அக்கா மேஜைமேல் டீ கிளாஸ் வைத்தார், கிளாஸ் தளும்பிச் சேலையெல்லாம் டீ. "ஜோயலு, இது நாஸ்தா துண்ற மேஜையா, ஊஞ்சலா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்த ஆர்டர் போனால் இந்தப் பக்கம் எனக்கு வேலையே வராது. ஒரு நாள் வந்து துளை போட்டுக் கொடு. விசிட்டிங் கார்டு விஷயத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா? நீ கல்யாணம் ஆகிப் போகிறவள், அதனால்தான் உன் பேரைப் போடவில்லை. வேறொன்றும் இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜோயல்


செங்கல்பட்டு
13.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம். பத்தாம் தேதி தாண்டட்டும் என்று காத்திருந்தேன்.

உன் மரத்தில் ஈரம் இல்லை. பிட்டும் தேயவில்லை. நீ அலைய வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். நீ அலைந்தாய் என்று படித்தபோது வயிறு குளிர்ந்தது.

அந்த ஜிக்கின் இடது பக்கத் தடுப்புக் கட்டைக்கு ஆணி அடித்தது யார், ஞாபகம் இருக்கிறதா? நீதான். அவசரத்தில் அரை நூல், வெறும் ஒன்றரை மில்லிமீட்டர், தள்ளி அடித்தாய். சொன்னால் ஏற்றுக்கொள்ளவா போகிறாய் என்று, ஒவ்வொரு துளைக்கும் அந்தக் கட்டைக்கும் மேஜைக்காலுக்கும் இடையே ஓர் அட்டைத்துண்டைச் செருகிச் சரிசெய்தேன். ஐந்து வருடம். நீ வாசலில் நின்று ஆர்டர் பிடித்தாய், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசி வருடம் முழுக்கச் செருகியது உன் விசிட்டிங் கார்டைத்தான். 'ஜோயல் ஃபர்னிச்சர், அளவும் வேலையும் ஜோயல்.' "என் பேரு எங்கண்ணா?" என்று கேட்டேன். "உன் பேரு இன்னாத்துக்கு? நாளைக்கு இன்னொருத்தன் வூட்டுக்குப் போறவ" என்றாய். உன் கூட்டாளிகள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அன்றைக்கே பழைய அட்டையைக் குப்பையில் போட்டேன். உன் கார்டு நாலாக மடித்தால் சரியாக அரை நூல் கனம். இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் செருகிப் பார், இனி உன் மேஜை ஆடாது.

ஆனால் முப்பது மேஜையும் நான் செய்கிறேன். முன்பு துளை போட்டது யாரென்று விசாரித்து, நேற்று சுராயா அக்கா இங்கே பட்டறைக்கே வந்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார். புதிய ஜிக் செய்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. அம்மா பிரியாணி போடுவாள். நான் பேச மாட்டேன்.

நானும் கார்டு அடித்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு பேர்தான். உனக்கும் ஒன்று வைக்கலாமா என்று பார்த்தேன். உனக்கு இன்னாத்துக்கு?

பிரிசில்லா