வாய்க்காலில் இழுத்த கேபிள்

உன் பழைய சர்க்யூட் போர்டு இன்று என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தது உன் மகள். எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். உன் பெட்டியில் கிடந்ததாம், ஓடுகிறதா பார்க்க வேண்டுமாம். துடைத்ததும் ஈயம் பற்றவைத்த பிசின் வாடை லேசாக வந்தது. உன் மேல் எனக்கிருக்கும் கோபமும் கூடவே வந்தது.

ஏரலுக்கு மேற்கே வாய்க்காலில் நாம் இருவரும் நீர்மட்ட சென்சார் பொருத்தினோம். காதுக்கு எட்டாத ஒலியை மேலிருந்து அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்க வேண்டும். நாற்பது கிலோஹெர்ட்ஸை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தள்ளும் ஃபில்ட்டர் உன் பொறுப்பு; இந்தப் போர்டில் இருப்பது அதுதான். "ரொம்ப இறுக்கிட்டா எதிரொலி சவ்வா இழுத்துக்கிட்டு வரும்லே" என்று ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றிப் போடுவாய். டீ ஆறிக் கிடக்கும்.

கேபிள் விஷயத்தில் மட்டும் உனக்கு இளக்கமே கிடையாது. பக்கத்துப் பம்பு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் கிளப்பும் இரைச்சலில் ஒரு பங்கு அதே நாற்பதில்தான் வந்து விழும். "அவனும் அதே சட்டையப் போட்டுட்டு வாரான். என் ஃபில்ட்டருக்கு ஆள் எப்படித் தெரியும்? கேபிள்லயே நிறுத்தணும்" என்பாய். பின்னல் கவசம் போட்ட கேபிள்தான் வேண்டும், மோட்டார் லைனை விட்டுத் தள்ளித்தான் போட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய்.

கேபிள் இழுத்த காண்டிராக்டர் உன் அத்தான், கூடப்பிறந்த அக்காவின் புருஷன். சாதா வயரை மோட்டார் லைன் போன அதே குழாய்க்குள் திணித்துவிட்டுப் போனார். மோட்டார் ஓடினால் மட்டம் தாறுமாறாகக் காட்டியது. தண்ணீர் குறைவு என்று அது காட்டியதை நம்பி மதகு ஷட்டரைத் திறந்தார்கள். கீழே வாழையெல்லாம் மூழ்கியது.

விசாரணையில் நீ எழுந்தாய். "ஃபில்ட்டர்லதான் குறை சார். என் கணக்கு தப்பிட்டு." உன் அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் உன் சட்டையைப் பிடித்தேன்.

"அக்கா வாழணும்லே. நீ வாயத் தொறக்கப்படாது" என்றாய்.

அதற்குப் பிறகு ஒரு பயலும் உன்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து கருகிப் போனாய். நீ செத்து, உன்னைக் கிடத்தியிருந்தபோது, "கெட்டிக்காரன்தான், அந்தச் சர்க்யூட்ல கோட்டை விட்டுட்டான்" என்று உன் அத்தான் வந்தவர்களிடம் சொன்னார். கால்மாட்டில் நின்று கேட்டேன். நீ பெரிய தியாகி. இதையெல்லாம் கேட்கிற பாக்கியம் எனக்கு.

உன் மகள் போர்டில் கவசக் கேபிளை மாட்டி, வாளித் தண்ணீருக்கு மேல் சென்சாரைப் பிடித்தாள். என் பட்டறை மோட்டார் டிரைவோடு பக்கத்தில் ஓடியது. திரையில் எதிரொலி தெளிவாக நின்றது. பிறகு சாதா வயரை மாட்டி, மோட்டார் லைனோடு சேர்த்துப் போட்டாள். திரை முழுக்க இரைச்சல்.

"ஃபில்ட்டர் நல்லாத்தான இருக்கு சித்தப்பா. பின்ன அப்பா ஏன் தன் மேல தப்புன்னு சொன்னாங்க? அங்கன கேபிள் இழுத்தது யாரு?"

தாயும் இல்லாத பிள்ளை. இப்போது சாப்பிடுவதும் தூங்குவதும் அந்த ஆள் வீட்டில்தான். உன் அக்காதான் வளர்க்கிறாள்.

"ஃபில்ட்டர்ல ஏதோ குறை இருந்திருக்கும்மா."

நீ போகும்போது அந்தப் பொய்யையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். இன்று உன் மகள் முகத்தைப் பார்த்து அதை நானும் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. இனி என்னையும் நம்பமாட்டாள்.