மாப்பிள்ளையின் கைக்கடிகாரம்

கடிகாரம் கட்டிய கையைக் கண்டால் வாய் சும்மா இராத உன் கணவன் எழுதுவது. நீ அயர்ந்து உறங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில், சீக்கோ கடிகாரம் சொன்ன வேலையைச் செய்யும், கேசியோவுக்கு வேடம் போடத் தெரியாது, ரோலெக்ஸ் நேரத்தைவிட ஆளைத்தான் காட்டும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை கட்டியிருந்த ரோலெக்ஸில் விநாடி முள் அசலைப்போல வழுக்கிச் செல்லாமல் துள்ளித் துள்ளிச் செல்வதைக் கண்டதும், "இது போலி, மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அது நம் மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த பரிசு என்பதை நான் அறிந்திலேன்.

"கடைக்காரன் அவளை ஏமாத்தினது யாருக்கும் தெரியாது. நீங்கதான் எல்லார் முன்னாடியும் ஏமாளி ஆக்கிட்டீங்க" என்றாய். மாப்பிள்ளையோ கடிகாரத்தைக் கழற்றவும் இல்லை. "எனக்கு நேரம் சரியாத்தான் காட்டுது, மாமா" என்றார். அவள்தான் அழுதுகொண்டே புறப்பட்டாள்.

இரவெல்லாம் உறக்கமில்லை, உடம்பு தளர்ந்திருக்கிறது. ஆயினும் முதல் பேருந்தில் அவள் வீட்டுக்குச் செல்கிறேன்.

பி.கு.: குழாய் பழுது பார்ப்பவர் வந்தால் சமையலறைக் குழாயைக் காட்டு.

இன்னொன்று: கடிகாரத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் பேச மாட்டேன். மகளிடம் மன்னிப்பு மட்டும் கேட்பேன்.