வலது கன்னத்துக்குத் தெரிந்த பிரஷ்

என் அன்பான அப்பாவுக்கு,

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் நான் உங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. இன்று, மலாயில் பாக்சிக், மாமா, என்று நான் கூப்பிடும் உங்கள் நண்பர் ஹாலிம் வீட்டுக்குப் போய்வந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரோக் வந்து உங்கள் பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, உங்களுக்குச் சவரம் செய்ய எனக்குக் கை வரவில்லை. முதல் வாரமே இரண்டு தடவை கீறிவிட்டேன். கரங்கான் தோட்டத்தில் நீங்கள் வெட்டிய செம்பனைக் குலைகளை லாரியில் எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போனவர், இப்போது மூன்று வீடு தள்ளி இருப்பவர், பாக்சிக் ஹாலிம் தானாகவே வந்தார். நீ ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் வந்து செய்துவிடுகிறேன் என்றார்.

உங்கள் சவரப் பிரஷ் பன்றி முடியில் செய்தது. முஸ்லிமான அவர் கையில் அதை எப்படிக் கொடுப்பது? அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அதை அலமாரியில் ஒளித்துவிட்டு, பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ் ஒன்றை வாங்கிவந்தேன். உங்களுடையது விறைப்பு. வெந்நீரில் ஊறினால்தான் கொஞ்சம் வளையும், அப்போதும் கன்னத்தைத் தேய்த்து எடுக்கும். புதியது பஞ்சு மாதிரி. நோயாளி முகத்துக்கு இதுதான் நல்லது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பாக்சிக் அதை உங்கள் வலது கன்னத்தில் வைத்ததும் இடது கையால் தட்டிவிட்டீர்கள். மறுநாளும் அப்படியே. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார் அந்த மனிதர். உங்களுக்கு அவர் தொடுவது பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நோயில் கிடந்தால் மனசு மாறிப்போகும் என்பார்களே, அப்படி. ஒருநாள் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்கு நீங்க செய்யறது பிடிக்கல போல, பாக்சிக். நாளைலேருந்து நானே பாத்துக்கிறேன்."

அவர் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பழைய பிரஷை வெளியே எடுத்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பாமல் காட்டினீர்கள். நான் நினைத்தது சரிதான் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, எழ நேரமாகிவிட்ட ஒரு காலையில், ஊறவைக்க வேண்டாமே என்று பேட்ஜர் பிரஷை எடுத்தேன். என் கையையும் தட்டிவிட்டீர்கள். நீங்கள் தட்டியது ஆளை அல்ல, பிரஷையா என்று அப்போதுதான் தோன்றியது. பிறகு பன்றி முடிப் பிரஷை நனைத்து, மரத்துப்போன அந்த வலது கன்னத்தில் வைத்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்தது அந்த முரட்டுத் தேய்ப்பு ஒன்றுதானா, அப்பா? மற்றதெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டதா?

பாக்சிக்கை அன்றே கூப்பிட்டிருக்க வேண்டும். வெட்கம். வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதானே, போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை எடுத்தபோது அவர் எதிர்ப்பக்கம் சாக்கடை ஓரமாக நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இன்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோட்டத்தில் உங்களோடு பேசிப் பழகிய அதே தமிழில் சொன்னார்:

"கேட்டிருக்கலாம்லா, மா. கையுறை போட்டுக்கிட்டு செஞ்சிருப்பேன்."

கையுறை. உங்களுக்கு டயப்பர் மாற்ற வாங்கியது உங்கள் கட்டிலுக்கு அடியிலேயே ஒரு பெட்டி நிறைய இருந்தது, அப்பா.

நான் எழுந்தபோது, "அவன் என்னை வேணாம்னுட்டான்னு நெனச்சேன்," என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி போவேன். அதற்கடுத்த வெள்ளியும் போவேன். கடைசிவரை நீங்கள் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னது நான்தான் என்று, அவர் நம்பும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வாயாக இருந்து பொய் சொன்ன
உங்கள் மகள்,
கோமதி