வாசிக்கிறவருக்கு ஒரு வரி

பாளையங்கோட்டை
28.11.1994

தம்பி பூதத்தானுக்கு,

தேவசிகாமணி எழுதுவது. உன் வீட்டுக்காரி பாக்கியவதி காரியத்தன்று கூட்டத்தில் உன்னிடம் நாலு வார்த்தை பேச முடியவில்லை. அது மனசில் கிடக்கிறது.

தேயிலை எஸ்டேட் வேலை முடிந்து நாம் மலை இறங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஒரு கிறிஸ்மஸுக்காவது நீ வந்தாயா? டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் கிறிஸ்மஸ் மரம். யாரும் யாருக்கும் பொட்டலம் கட்டி, பெயர் எழுதி மரத்தில் தொங்கவிடலாம். பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் போய் எல்லாரும் பார்க்கப் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டு வருஷமாகப் பெயர் வாசிக்கிறது நான்தான். என் குரலுக்கு மைக் எதற்கு என்று போதகர் கேலி செய்கிறார்.

உன் பெயருக்கும் ஒன்று தொங்கும். என் வீட்டுக்காரி யூனிஸ் முந்திரிக்கொத்துக்கு மாவு திரித்துவிட்டாள். தனியாகக் கிடக்காதே, வா.

அன்புள்ள,
தேவசிகாமணி


கல்லிடைக்குறிச்சி
5.12.1994

சிகாமணி அண்ணாச்சிக்கு,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு பால்வாடி டீச்சர் ஆவுடைத்தாய் எழுதுகிறாள். கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இருக்கிறேன். சோறு இறங்குகிறது. ஒரு இடத்தில் உட்காரத்தான் முடியவில்லை. வீட்டுக்கும் வாய்க்கால் பாலத்துக்குமாக நடக்கிறேன். "என்னவே, பாலத்தை அளக்குதீரா?" என்று டீக்கடை சிவசைலம் கேட்கிறான்.

காரணத்தைச் சொல்கிறேன். அறுபத்தொன்றாம் வருஷம், ஆடி பதினொன்று, புதன்கிழமை. என் மகள் கோமுவுக்கு ரெண்டு வயசு, தாயோடு ஊரில் இருந்தாள். எஸ்டேட்டில் நல்ல மழை. லயத்து வீட்டு வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். பாக்கியவதி ஆள் வைத்து எழுதின கடுதாசியை நீங்கள் வாங்கி வாசித்தீர்கள்: "பிள்ளையும் நானும் சுகம். கொழுந்தெடுப்பு முடிந்து வந்தால் போதும்." சனிக்கிழமை மத்தியானம், கோமு போய்விட்டாள் என்று ஆள் வந்தது.

"வரச் சொல்லி எழுதினேனே, வரலையே" என்று பாக்கியவதி முப்பத்து மூணு வருஷம் கேட்டாள். "நீ அப்படி எழுதலட்டி, அண்ணாச்சி வாசிச்சாக" என்பேன். வேறு ஆளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள் என்று ஒரு நாள் கெஞ்சினாள். "அண்ணாச்சி வாசிச்ச பிறகு இன்னொரு வாய் எதுக்கு?" என்று பெட்டியைப் பூட்டினேன்.

அவள் போன பதினாறாம் நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து ஆவுடைத்தாயிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். மூன்று தடவை வாசித்தாள். நீங்கள் வாசித்தது ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. கடைசியில் உங்களுக்கும் ஒரு வரி இருக்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. உங்கள் வாய் சொன்னதை உங்கள் வாய்தான் மாற்ற வேண்டும். காகிதத்தோடு வருகிறேன். வாசியுங்கள்.

இப்படிக்கு,
பூதத்தான்


பாளையங்கோட்டை
12.12.1994

தம்பி பூதத்தானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பழைய காகிதம், மையும் மங்கியிருக்கும். நேரில் பேசிக்கொள்வோம்.

எனக்குத் தொண்டை சரியில்லை, இந்த வருஷம் வேறு யாராவது பெயர் வாசிக்கட்டும் என்று கமிட்டியில் சொன்னேன். கேட்க மாட்டேன் என்கிறார்கள். ஜங்ஷனில் இறங்கினால் இங்கே டவுன் பஸ் நிறைய உண்டு. பனி விழுகிறது, போர்வை கொண்டு வா.

தேவசிகாமணி


கல்லிடைக்குறிச்சி
27.12.1994

தேவசிகாமணிக்கு,

பூதத்தான் சொல்லி எழுதுவது. சொல்லாமல் எழுந்து வந்ததற்கு யூனிஸ் தங்கச்சி வருத்தப்பட்டிருக்கும். அதனிடம் மட்டும் மன்னிப்புச் சொல்லும்.

வீட்டில் வைத்து மூன்று தடவை காகிதத்தை நீட்டினேன். மூன்று தடவையும் கண்ணாடியைக் காணோம் என்றீர். சபைக் கோயிலுக்குள் வந்து பார்க்கிறேன், கண்ணாடி உம்முடைய மூக்கில் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாசலில் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்த ஸ்வீட்லின் என்கிற பெண்ணிடம் காகிதத்தைக் கொடுத்து, "தேவசிகாமணின்னு எழுதிக் கட்டும்மா" என்றேன். "வெறும் காகிதமா, தாத்தா?" என்று சிரித்துக்கொண்டே நீலத் தாளில் சுற்றிக் கட்டியது.

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சவுக்கு மரம் உத்திரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பஞ்சும் ஜிகினாவும் சின்ன பல்புகளுமாக, சும்மா சொல்லக் கூடாது, அழகுதான். ஆனால் என் கண் அந்த நீலத் தாள் பொட்டலத்தை விட்டு அகலவில்லை. நீர் ஒவ்வொன்றாக அறுத்து எடுக்கிறீர். ஆராதனைக்குப் பிந்தி வருகிற எபிக்கு விளையாட்டுக் கடிகாரம். "எபி, இனி இதைப் பார்த்துட்டு வாலே" என்று நீர் சொல்ல, கோயிலே சிரிக்கிறது. நான் மிச்சப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு நீலப் பொட்டலம். உம்முடைய பெயரை நீரே வாசித்தீர்.

"பிரிச்சுக் காட்டும் அண்ணாச்சி" என்றது கூட்டம்.

பிரித்தீர்.

"என்னது, கடுதாசியா? அதையும் வாசியும்வே, கேட்போம்."

நீர் கடைசி பெஞ்சைப் பார்த்தீர். நானும் பார்த்தேன். இப்போது வாசித்துவிடுவார் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நீர் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னீர்: "பிள்ளையும் நானும் சுகம். கொழுந்தெடுப்பு முடிந்து வந்தால் போதும்." யாரோ கை தட்டினார்கள்.

இத்தனை நாள் நான் ஒருத்தன்தான் அந்த வார்த்தைகளைச் சுமக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு எழுத்துக்கூட மாறாமல் நீரும் வைத்திருக்கிறீர்.

நான் கேட்டைத் தாண்டும்போது, என் பொட்டலத்துக்காக, எஸ்டேட்டில் கூப்பிடுகிற மாதிரி, "மலைப் பூதத்தான், மலைப் பூதத்தான்" என்று ரெண்டு தடவை கூப்பிட்டீர். நல்ல குரல்தான். நான் திரும்பவில்லை.

காகிதம் அவளுடையது. அனுப்பிவிடும்.

பூதத்தான்


பாளையங்கோட்டை
2.1.1995

தம்பி பூதத்தா,

காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பொட்டலத்தை வாங்க ஆள் வராததால் மரத்தைப் பிரிக்கிற வரைக்கும் தொங்கியது. இப்போது என் மேஜையில் இருக்கிறது.

அப்போது நான் கணக்கப்பிள்ளையாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆள் குறைந்தால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் எனக்கு வேலை போகும் என்று பயந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, நானே பயந்தேன். காய்ச்சல்தானே, ஞாயிற்றுக்கிழமை சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமையே ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த நாளில் சொல்ல?

கோயிலில் வாய் திறந்தபோது உள்ளதைத்தான் வாசிக்க நினைத்தேன். பழையதே வந்தது. இன்று பார்த்து எழுதுகிறேன்:

"கோமுவுக்கு அஞ்சு நாளாகக் காய்ச்சல். கண் திறக்கவில்லை. அப்பா அப்பா என்கிறாள். கண்டவுடன் புறப்பட்டு வரவும். இதை வாசிக்கிற அண்ணாச்சிக்கு: உங்களைக் கூடப்பிறந்தவராக நினைத்துக் கேட்கிறேன், அவுகளை ஒரு வேலையும் சொல்லாமல் அனுப்பிவையுங்கள்."

தேவசிகாமணி


கல்லிடைக்குறிச்சி
6.1.1995

தேவசிகாமணிக்கு,

உறை வந்தது. கனமாக இருக்கிறது. ஆவுடைத்தாய் பிரிக்கப் போனாள், வேண்டாம் என்று வாங்கி பாக்கியவதி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

உள்ளே என்ன எழுதியிருந்தாலும் நீர் வந்து உம்முடைய வாயால் வாசியும். எனக்கு இல்லை, அவளுக்கு. பொங்கலுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸுக்கு வாரும். கண்ணாடியை மறக்காதேயும். என் பேருக்குத் தொங்கவிட்ட அந்தப் பொட்டலத்தையும் எடுத்து வாரும்.

நான் பாலத்தில்தான் நடந்துகொண்டிருப்பேன். பேரைச் சொல்லிக் கூப்பிடும், திரும்புகிறேன். நமக்குள் இனிப் பேச்சு உண்டா இல்லையா என்பதை, அவள் கேட்ட பிறகு பார்க்கலாம்.

பூதத்தான்